இடது பக்கத்து பிரேக்

தருமபுரியைத் தாண்டி நாலு வழிச் சாலையில் ஏறிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் குழந்தைவேலு முப்பது தடவையாவது பிரேக் போட்டிருப்பார். அவர் உட்கார்ந்திருந்த இடது பக்கத்து சீட்டுக்கு முன்னால் பிரேக் எதுவும் கிடையாது. ஒரு ரப்பர் பாய் இருந்தது, அதன்மேல் அவர் மனைவி மாதம்மாளின் சாப்பாட்டுப் பை இருந்தது, பைக்கு இந்தப் பக்கம் மிச்சமிருந்த சாண் இடத்தில் அவருடைய வலது கால் தன்பாட்டுக்கு அமுக்குவதும் விடுவதுமாக இருந்தது. முன்னால் போகும் லாரியின் பின்பலகை கிட்டே வந்தால் கால் இறங்கியது, தள்ளிப் போனால் ஏறியது. இருபத்தாறு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவரின் கால். சொன்னால் கேட்கிற வயதை அது தாண்டிவிட்டது. லாரிக்கும் நமக்கும் நடுவே இரண்டு வினாடி வேண்டும், லாரி ஒரு பலகையைத் தாண்டியதும் எண்ண ஆரம்பித்து, நூற்றி ஒன்று, நூற்றி இரண்டு என்று நிதானமாகச் சொல்லி முடித்த பிறகுதான் நம் வண்டி அந்தப் பலகையைத் தாண்ட வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். இப்போதும் ஒரு பச்சைப் பலகையைப் பிடித்து எண்ணிப் பார்த்தார். நூற்றி என்று ஆரம்பிப்பதற்குள் பலகை பின்னால் ஓடிவிட்டது. முள் எண்பத்தைந்தில் நின்றது. ஓட்டிக்கொண்டிருந்தவள் அவருடைய ஒரே மகள் வெண்ணிலா. பின்சீட்டில் மாதம்மாள், அவள் மடியில் வெண்ணிலாவின் பதினைந்து மாசக் குழந்தை, வாயைத் திறந்தபடி தூக்கம். குழந்தைக்கென்று தனி சீட் வாங்கு என்று மருமகனிடம் நாலு தடவை சொல்லியாயிற்று, வாங்கிவிடலாம் மாமா என்று அவரும் நாலு தடவை சொல்லியாயிற்று. மாதம்மாள் பெல்ட்டை மாட்டியிருந்தாள், ஆனால் தோளில் இல்லை, கழுத்தை அறுக்கிறது என்று அக்குளுக்குக் கீழே விட்டிருந்தாள். ஊருக்கெல்லாம் பெல்ட் போடச் சொல்லிக்கொடுத்தவர் வீட்டு லட்சணம் இது.

"காலை ஆட்டிக்கிட்டே இருக்கீங்களேப்பா. மரத்துப் போச்சா?" என்றாள் வெண்ணிலா, ரோட்டைப் பார்க்காமல் அவர் காலைப் பார்த்து. "நீ முன்னால பாரு கண்ணு. ஒண்ணுமில்ல." பின்னாலிருந்து மாதம்மாள் சிரித்தாள். "அவருக்கு எங்க உக்காந்தாலும் அப்படித்தான். கல்யாண மண்டபத்துல சேர் போட்டு உக்கார வச்சாக்கூடக் கீழ அமுக்கிக்கிட்டுத்தான் இருப்பாரு. மாப்பிள்ளை தாலி கட்டறப்ப ரெண்டு அமுக்கு கூட அமுக்குவாரு." வெண்ணிலாவும் சிரித்தாள். சிரிக்கும்போது அவளுடைய வலது கால் எங்கே இருக்கிறது என்று குழந்தைவேலுவுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது, ஆனால் பத்து நாளைக்கு முன்னால் புரை எடுத்தது அந்தப் பக்கத்துக் கண்ணில்தான், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அது இன்னும் மூட்டமாகவே காட்டியது, கழுத்தை முழுசாகத் திருப்பினால் ஒழிய மகளின் கால் தெரியாது, திருப்பினால் என்னப்பா பார்க்கிறீர்கள் என்பாள். அந்தக் கண்ணைக் காட்டத்தான் சேலத்துக்குப் போகிறார்கள். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று அவர் சொல்லாமல் இல்லை. ஓசூரிலிருந்து முந்தின நாளே காரை எடுத்துக்கொண்டு வந்து நின்ற மகள், "பொண்ணு வண்டி வச்சிருக்கா, அப்பா பஸ்ல கம்பியைப் புடிச்சிக்கிட்டு நிப்பாரா? என் மேல நம்பிக்கை இல்லன்னா நேரா சொல்லிடுங்க" என்றாள். நேராகச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அப்போது சொல்லாதவர் இப்போது எண்பத்தைந்தில் போகும் பெட்டிக்குள் பெல்ட் மாட்டி உட்கார்ந்துகொண்டு, சொல்லியிருக்கலாம், சொல்லியிருக்கலாம் என்று ரப்பர் பாயை மிதித்துக்கொண்டிருந்தார்.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதற்கு அவருடைய தொழிலின் ரகசியம் கொஞ்சம் தெரிய வேண்டும். கற்றுக்கொடுக்கிற வண்டியில் வாத்தியாருக்கென்று இடது பக்கம் தனியாக ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். அதை மிதிப்பதில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்தார் தடாலென்று மிதித்துவிட்டு, மிதித்த சூட்டோடு அப்பன் ஆத்தாளை இழுத்துத் திட்டுவார்கள். குழந்தைவேலு அந்த ரகமில்லை. ஓட்டுகிறவர் பயப்படுவதற்கு அரை நொடி முன்னாலேயே, வெண்ணெயை அமுக்குகிற மாதிரி அவர் கால் இறங்கும். வண்டி தான் சொன்னதைக் கேட்டுத்தான் நின்றது என்று ஓட்டுகிறவருக்குத் தோன்றும். குழந்தைவேலு சாரிடம் போனால் பயமே தெரியாது என்று ஊரில் அதனால்தான் பேர். டீச்சர்கள், பாங்க்கில் வேலை பார்க்கிற பெண்கள், ரிட்டயர் ஆன பிறகு ஆசை வந்த தாசில்தார் எல்லோரும் அவரைத் தேடித்தான் வந்தார்கள். ஆனால் பதினைந்தாவது நாள் அவர் காலை எடுத்துவிடுவார். சொல்லாமல் எடுப்பார். ஊருக்கு வெளியே வீடு வராத லேஅவுட்டில் காலி அட்டைப் பெட்டிகளை ரோட்டின் குறுக்கே அடுக்கி வைத்து, போங்க, போங்க, இப்ப நிறுத்துங்க என்பார். வண்டி நிற்காது. பெட்டிகள் பறக்கும். நிறுத்தியது இத்தனை நாளும் தாங்கள் இல்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும். தாசில்தார் கோபித்துக்கொண்டு இறங்கி நடந்தே போனார், மறுநாள் திரும்பி வந்தார். திரும்பி வந்த பிறகுதான் அவர் கால் பிரேக்கைத் தானாகத் தேடிப் போகப் பழகியது. எல்லோருக்கும் அப்படித்தான். அட்டைப் பெட்டியை இடிக்காத ஒருவரையும் குழந்தைவேலு டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போனது கிடையாது. ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி இப்போது வலது கையால் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இடது கையால் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள். குழந்தைவேலு பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார். ரெண்டு கையும் ரெண்டு கையும் என்று நாக்கு நுனிவரை வந்தது, முழுங்கிவிட்டார். பிரசவத்துக்கு வந்தவள் அப்போது இப்படியா இருந்தாள். குழந்தை பிறந்து நாலு மாசம் அவள் எதற்கெடுத்தாலும் அழுதாள், பால் கட்டினால் அழுதாள், பால் வராவிட்டால் அழுதாள், விளக்கை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாதம்மாள் திருஷ்டி கழித்தாள், மந்திரித்துக் கயிறு கட்டினாள். குழந்தைவேலுவுக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம், வா கண்ணு, வந்து வண்டியில உக்காரு என்று கூட்டிப்போனார். மூன்றாம் நாள் அவளாகவே புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். ஆறாம் நாள் அவள் முகத்தில் களை வந்தது. பதினைந்தாம் நாள் காலையில் அவர் அட்டைப் பெட்டிகளைக் கட்டி டிக்கியில் வைத்தார், லேஅவுட்வரை கொண்டும் போனார், இறக்கவில்லை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு. நாளைக்கும் வேண்டாம். பதினெட்டாம் நாள் பென்னாகரம் ரோட்டில் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. அவர் இரண்டையும் சேர்த்து அமுக்கினார், கிளட்ச்சையும் பிரேக்கையும், வண்டி ஆட்டுக்கு ஒரு முழம் முன்னால் சத்தமில்லாமல் நின்றது. சத்தமில்லாமல் என்பது பொய், எஞ்சின் அலறியது, ஏனென்றால் வெண்ணிலாவின் கால் ஆக்சிலேட்டரில் அடிவரை இறங்கியிருந்தது. பயத்தில் அவள் கால் போன இடம் அதுதான். அவளுக்கு அது தெரியவே இல்லை. ஆட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். "பாத்தீங்களாப்பா, எப்படி நிறுத்திட்டேன்." அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த அப்பன் உண்மையைச் சொல்வான். "நல்லா போட்ட கண்ணு" என்றார் குழந்தைவேலு. அன்று சாயங்காலம் புருஷனுக்கு போன் போட்டுச் சொன்னாள், பக்கத்து வீட்டில் சொன்னாள், தொட்டிலில் கிடந்த குழந்தைக்குக்கூட ஆட்டுக் கதையைச் சொல்லிக் கொஞ்சினாள். இருபத்தோரு நாள் பயிற்சி முடிந்து டெஸ்ட் அன்றைக்குப் பின்சீட்டில் லைசென்ஸ் கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார், முன்சீட்டில் குழந்தைவேலுவின் கால் அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, வெண்ணிலா பாஸானாள். மருமகன் கியர் மாற்றத் தேவையில்லாத வண்டியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தார். கிளட்ச் இல்லை, ஒரே ஒரு காலுக்கு இரண்டே பெடல், ஒன்று நிறுத்தும், ஒன்று பறக்க வைக்கும். எட்டு மாசமாக ஓசூர்த் தெருக்களில் முப்பதுக்கு மேல் போகாமல் ஓட்டியிருக்கிறாள், மார்க்கெட், ஊசி போடுகிற ஆஸ்பத்திரி, வீடு. எதிலும் மோதவில்லை. மோதவில்லை என்பதற்கும் ஓட்டத் தெரியும் என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று குழந்தைவேலு அளவுக்குத் தெரிந்தவர் இந்த ஜில்லாவில் இருக்க மாட்டார்கள்.

சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. இதுதான் இடம் என்று நினைத்தார். நிற்கிற வண்டியில் சொல்லலாம். கண்ணு, ஒரு விஷயம். அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். இல்லை, அப்படி ஆரம்பித்தால் ஏதோ நிலத் தகராறு என்று நினைப்பாள். அன்னிக்கு ஆடு வந்துச்சே, என்று ஆரம்பிக்கலாம். ஆரம்பித்தால் அவள் முகம் மலர்ந்துவிடும், ஆட்டுக் கதை என்றாலே மலர்ந்துவிடும், மலர்ந்த முகத்தில் எப்படிப் போடுவது. முன்னால் இரண்டு வண்டி இருந்தது. வாயைத் திறந்தார். "ஏங்க, அந்தக் கண்ணு மருந்து எடுத்தீங்களா?" என்றாள் மாதம்மாள். எடுத்தேன். "எங்க வச்சீங்க?" பையில். "எந்தப் பையில?" கம்பம் மேலே தூக்கிக்கொண்டது, பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான், வெண்ணிலா ஒரு மிதி மிதித்தாள், முதுகு சீட்டோடு ஒட்டியது. போயிற்று. இனி இறக்கம்தான். தொப்பூர்க் கணவாய். பெங்களூருப் பக்கமிருந்து வருகிற அத்தனை கனமும் உருண்டு இறங்குகிற ரோடு, சரக்கு லாரிக்காரர்கள் டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டுவிட்டு, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய், முன்னால் போகிறவர்களின் தலையெழுத்தை எழுதுகிற ரோடு. அவர் ஆட்களை இங்கே கூட்டிவந்தது உண்டு, காலை எடுத்த பிறகு, இருபதாம் நாளுக்கு மேல், கீழ் கியரில் எஞ்சினையே பிரேக்காக வைத்து இறங்குவது எப்படி என்று காட்ட. மகளை இங்கே கூட்டிவரவில்லை.

பலகைகள் வந்தன. வேகத்தைக் குறை. முந்தாதே. குறைந்த கியரில் செல். வெண்ணிலா எதையும் படித்ததாகத் தெரியவில்லை. வண்டி சரிவில் தானாகவே ஓடியது, எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு, இரண்டு பக்கமும் பாறை, இடது பக்கம் ரோட்டோரத்து மண்ணை ஒட்டி ஒரு கன்டெய்னர் லாரி புகைந்துகொண்டு ஊர்ந்தது, வலது பக்கம் ஒரு பஸ் விட்டேனா பார் என்று போனது, நடுவில் இவர்கள், முன்னால் ஒரு சிமென்ட் லாரி, அதன் பின்பலகையில் எழுதியிருந்தது இப்போது ஒற்றைக் கண்ணுக்கே தெளிவாகத் தெரிந்தது. தூரம் விட்டு வரவும். தூரம் விடு கண்ணு என்று மட்டுமாவது சொல்லலாம். சொன்னால் பிரேக் போடுவாள். போட்டால் எந்தப் பெடலில் போடுவாள். சும்மா போகும்போது, சிக்னலில் நிற்கும்போது அவள் கால் சரியாகத்தான் போகிறது, பயந்தால்தான் தப்பான இடத்துக்குப் போகும், அப்பா திடீரென்று வாயைத் திறந்தால் பயப்படுவாளா மாட்டாளா. சொல்லாமல் இருந்தால் லாரி பயமுறுத்தும். சொன்னால் நான் பயமுறுத்துவேன். ஆட்டு விஷயத்தை இந்தச் சரிவில் சொன்னால் இங்கேயே கைகால் ஓடாமல் நின்றுவிடுவாள். சொல்லாவிட்டால் எது வந்தாலும் ஆட்டை நிறுத்தின கால்தானே என்று தைரியமாகப் போவாள், அந்தத் தைரியம் நான் கொடுத்தது, வெறும் காற்று. வாயை மூடினாலும் குற்றம், திறந்தாலும் குற்றம், கதவைத் திறந்து குதிக்கவா முடியும். அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. நாலாயிரம் பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஒரே ஒருத்திக்கு, தன் உயிர் என்று யாரைச் சொல்வாரோ அவளுக்கு, கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட்டார். பின்னால் குழந்தை தூக்கத்தில் ஏதோ முனகியது. மாதம்மாள் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது, ஜோ, ஜோ, அதே தாளத்தில் இவர் கால் பாயை அமுக்கியது, பை நகர்ந்து டிபன் பாக்ஸ் கவிழ்ந்து புளிசாத வாசனை வண்டி முழுக்கப் பரவியது. வளைவு ஒன்று. அதைத் தாண்டியதும் சிமென்ட் லாரியின் பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்தன. எரிந்தபடியே இருந்தன. லாரி நிற்கிறது, அதற்கு முன்னால் எல்லாமே நிற்கிறது, கண்ணுக்கெட்டிய வரை நிற்கிறது. குழந்தைவேலுவின் கால் பாயோடு சேர்த்துத் தகரத்தையே மிதித்தது. ஒன்றும் ஆகவில்லை. பின்பலகை பெரிதாகிக்கொண்டே வந்தது. கண்ணு என்று கூப்பிட்டாரா, நினைத்தாரா, தெரியவில்லை. எஞ்சின் உறுமியது. ஒரு நொடிதான், அதற்கும் குறைச்சல்தான், ஆனால் உறுமியது, வண்டி முன்னால் துள்ளியது, அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும், இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பிறகு மண்டையில் அடித்த மாதிரி எல்லாம் நின்றது.

டயர் கருகிய வாசனை. பெல்ட் அவர் நெஞ்சை அறுத்திருந்தது, கறுப்புக் கண்ணாடி கீழே விழுந்து கிடந்தது. லாரியின் பின்பலகைக்கும் காரின் மூக்குக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், நேராக நுழைய முடியாது. பின்னால் வந்த ஜீப் எப்படியோ ஒடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றது, ஓட்டியவன் கண்ணாடியை இறக்கி ஏதோ திட்டிவிட்டு ஏற்றிக்கொண்டான். குழந்தை வீறிட்டது. முன்சீட்டின் முதுகில் நெற்றி இடித்திருந்தது, புடைப்பு அப்போதே எழும்ப ஆரம்பித்துவிட்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ரத்தம் வரல" என்றாள் மாதம்மாள், யாருக்குச் சொல்கிறோம் என்று தெரியாமல். வெண்ணிலா திரும்பிக் குழந்தையைப் பார்த்தாள். கையை நீட்டி நெற்றியைத் தடவினாள். அப்புறம் முன்னால் திரும்பி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னப்பா இது" என்றாள். "இப்படிப் புடிக்குது. அன்னிக்கு ஆடு வந்தப்ப நாம நின்னதே தெரியலையே. இப்ப குடலே வெளிய வந்துடும்போல இருக்கு."

வண்டிகள் எதுவும் நகரவில்லை. தூரத்தில் யாரோ ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தைவேலு எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"அன்னிக்கு போட்டது நானு" என்றார்.

அவள் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"இருபத்தோரு நாளும் நான்தான் போட்டேன். நீ சிரிச்ச. அதனால சொல்லல. தப்பு கண்ணு. எம்மேலதான் தப்பு."

"டெஸ்ட்லயுமா?"

"டெஸ்ட்லயும்."

வெண்ணிலா சிமென்ட் லாரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அழப்போகிறாள் என்று அவருக்குத் தோன்றியது, மறுபடி அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளப்போகிறாள், இந்த இறக்கத்தின் நடுவில், இத்தனை வண்டிக்கு நடுவில். அவள் அழவில்லை. "அன்னிக்கு என் கால் எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லத் தயங்கினார். அந்தத் தயக்கமே போதுமாக இருந்தது அவளுக்கு. "இப்பவும் மொதல்ல அங்கதாம்பா போச்சு" என்றாள் மெதுவாக. "அப்புறந்தான் எடுத்து இதுல வச்சேன். நானேதான் வச்சேன்."

"கேட்டுச்சு கண்ணு."

"என்னாங்க பேசிக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்றாள் மாதம்மாள். "அம்மா, அந்தப் பெல்ட்டைத் தோள்ல போடுங்க. கழுத்தை அறுத்தா அறுக்கட்டும்" என்றாள் வெண்ணிலா. மாதம்மாள் மறுபேச்சு பேசாமல் போட்டாள். முன்னால் லாரி பெருமூச்சு விட்டபடி ஒரு அடி நகர்ந்தது. குழந்தைவேலுவின் கால் அமுங்கியது. வெண்ணிலா அதைப் பார்த்தாள். கோபம் இருந்தது அவள் முகத்தில், இத்தனை வருஷத்தில் அவர்மேல் அவள் இப்படிக் கோபப்பட்டதே கிடையாது.

"அப்பா, காலை மேல எடுத்து வச்சிக்கங்க."

"என்னா கண்ணு?"

"சீட்டு மேல. சம்மணம் போட்டு உக்காருங்க. நீங்க அமுக்கிக்கிட்டே இருந்தா எனக்கு இந்த இறக்கம் முடியாது."

ஓடுகிற வண்டியில் சம்மணம் போட்டு உட்காரக்கூடாது. இதுவும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். செருப்பைக் கழற்றினார், புளிசாதம் ஒட்டியிருந்த காலைத் துண்டால் துடைத்தார், முழங்கால் வலியோடு ஒவ்வொன்றாக மடக்கி ஏற்றிக்கொண்டார். வேண்டாம் இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல இடமில்லை, ஓரம் கட்டவும் இடமில்லை, இன்னும் மூன்று மைல் இறக்கம் பாக்கி இருந்தது. லாரி நகர்ந்தது. வெண்ணிலா அதைப் போக விட்டாள், பின்னால் ஜீப்காரன் ஹாரன் அடித்தும் போக விட்டாள், பிறகு கிளம்பினாள். குழந்தை விக்கி விக்கி அழுகையை நிறுத்திக்கொண்டிருந்தது. அடுத்த வளைவில் லாரியின் சிவப்பு விளக்குகள் மறுபடி எரிந்தன. குழந்தைவேலு இரண்டு கையாலும் தன் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டார். வெண்ணிலா பிரேக்கை மிதித்தாள், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே. எல்லோரும் முன்னால் போய் வந்தார்கள்.